கட்டிலுக்கு ஊசி போட்ட ஸ்பிரிட்டம்மா

பீர்மேட்டு மலையில் யானைக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜூன் மாத இடிக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். துரைக்கே பயப்படாத யூனியன்காரர்கள் எங்கள் எஸ்டேட்டிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் ஸ்பிரிட்டம்மாவுக்குப் பயப்படாத ஓர் உயிரை எழுபதுகளில் அந்த மலையில் நான் கண்டதில்லை. மழைக்காலத்தில் எல்லார் காலிலும் ஏறுகிற அட்டைகள்கூட அவர் காலைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்தவர் காலில்தான் ஏறும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், அந்தக் காலத்தில் அங்கே ஒரு ஊசியாவது போட்டுக்கொண்ட யாரையாவது விசாரித்துக்கொள்ளலாம்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் அவர் நர்ஸ். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து, தேநீர் குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் மருந்து கலக்குவது, காயம் கட்டுவது, பிரசவம் பார்ப்பது, குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாம் அந்த அம்மாள்தான். சங்கரன்கோயில் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். குடும்பம் இருந்ததா, இருந்து போனதா என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை. எதைத் தொடுவதற்கு முன்னாலும் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைப்பார். ஊசி போடும் இடத்தை மட்டுமல்ல. உட்காரும் நாற்காலி, சாப்பிடும் தட்டு, சந்தைக்காரன் தரும் சில்லறை, எல்லாவற்றையும். அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும். பெயரும் அப்படியே வந்தது.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன். எஸ்டேட் ஆபீசில் ஜூனியர் கிளார்க் வேலை கிடைத்து மலை ஏறிய முதல் வாரமே குளிர் காய்ச்சலில் விழுந்தேன். டிஸ்பென்சரிக்குப் பக்கத்து அறைதான் எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ். போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.

"ஏனுங்க, ஊசி ரொம்ப வலிக்குங்களா?"

"எனக்கு வலிக்காதுலே. திரும்பு."

போட்டு முடித்துப் பஞ்சை அழுத்தியபடி கேட்டார்: "அது என்னலே, வார்த்தைக்கு வார்த்தை ங்க ங்கன்னு? காதுக்குள்ள கொசு போன மாதிரி இருக்கு."

"எங்க ஊர்ல அப்படித்தானுங்க பேசுவோம்."

"மரியாதையோ?"

"ஆமாங்க."

"அது சரி. மருந்த ஒழுங்கா குடி. அதுதான் எனக்கு மரியாதை."

இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவருக்கு எது வேண்டுமானாலும் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். நான் போய் நிற்பேன்.

இனி கட்டில் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைகள் காலத்துக் குதிரை லாயம் ஒன்று இருந்தது. குதிரைகள் போய்விட்டன, துரைகளும் போய்விட்டார்கள். அந்த இடத்தில் எங்கள் ஹெட் கிளார்க் தன்னுடைய மாட்டைக் கட்டியிருந்தார். மனிதர் மதுரைப் பக்கம். ஆபீசில் பென்சில் சீவினால் சீவலைக்கூட எடுத்து வைத்துக்கொள்கிற ரகம். ஒரு ஆவணி மாதம் அந்த மாடு கன்று ஈன முடியாமல் தவித்தது. மாட்டு டாக்டர் ஏலப்பாறையிலிருந்து வரவேண்டும். வழியில் மண் சரிந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் ஹெட் கிளார்க் ஸ்பிரிட்டம்மாவை அழைத்தார். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பட்டப்பகல்தான், ஆனால் மழைக்காலத்து லாயத்துக்குள் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான்.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. மாட்டுக்கும் "ஏட்டி, முக்குட்டி, மூச்ச விடாத" என்று பெண்களுக்குச் சொல்வதையேதான் சொன்னார். மாடு கேட்டது. வேலை முடிந்து, ஓய்ந்துபோய், பக்கத்தில் கோழிகள் அடைந்து கிடந்த ஒரு மேடையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே கையால் அடியில் தடவினார். பிறகு எழுந்து கோழிகளை விரட்டினார். எச்சமும் வைக்கோலும் மூடியிருந்த அந்த மேடை, கட்டில். எவனோ ஒருவன் எந்தக் காலத்திலோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்தான். தலைமாட்டில் கொடியும் பூவுமாகச் செதுக்கல். மூன்று கால்கள் இருந்தன. நாலாவது காலுக்குப் பதில் கல் அடுக்கியிருந்தது.

"இது யாரு கட்டில்?" என்று கேட்டார்.

"பழைய வெள்ளக்காரத் துரையோடதும்மா. பங்களாவுல ஸ்பிரிங் கட்டில் வாங்கினதும் இங்க தள்ளிட்டாங்க. மழை விட்டா வெறகுக்கு வெட்டச் சொல்லணும்" என்றார் ஹெட் கிளார்க்.

ஸ்பிரிட்டம்மா தன் விரல் நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினார். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். அடியில் கறுப்பும் சிவப்பும் கலந்த ரேகை ஓடியது. விலை உயர்ந்த ஈட்டி மரம்.

"வெட்டுத வேலையெல்லாம் வேண்டாம். மாட்டுப் பிரசவத்துக்குக் கூலியா இதை எடுத்துக்கிடுதேன்."

காசு கேட்காமல் விறகு கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியில் ஹெட் கிளார்க் உடனே சம்மதித்தார். அடுத்த கேள்வியில் அந்த மகிழ்ச்சி போயிற்று.

"நாலாவது கால் எங்கன?"

எங்கள் மூவர் கண்ணும் ஒரே நேரத்தில் மாட்டின் பக்கம் போயின. மாட்டைக் கட்டியிருந்த முளை, உருண்டையும் குடமுமாகக் கடைந்தெடுத்த அழகான கட்டில் கால். ஸ்பிரிட்டம்மா யாரையும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்து ஹெட் கிளார்க் கையில் கொடுத்துவிட்டு முளையை ஆட்டிப் பிடுங்கினார். கயிற்றைப் பிடித்துப் பழக்கமில்லாத ஹெட் கிளார்க் அதை விட்டுவிட்டார். சற்று முன்புதான் கன்று ஈன்ற அந்த மாடு, லாயத்தைவிட்டு வெளியேறி, நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே போய் நின்றது. அன்றைக்கு விழுந்தது ஹெட் கிளார்க்குக்கும் ஸ்பிரிட்டம்மாவுக்கும் பகை.

அவருக்குக் கட்டில் எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரியும். டிஸ்பென்சரியின் பிரசவ அறையில் இருந்தது ஓர் இரும்புக் கட்டில். அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு பெண்ணுக்கு வலி உச்சத்தில் இருந்தபோது அதன் கால் மடங்கிவிட்டது. ஸ்பிரிட்டம்மா தன் தோளைக் கொடுத்துக் கட்டிலைத் தாங்கிக்கொண்டே பிரசவம் பார்த்தார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அவருக்குத் தோளில் ஒரு வலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. புதுக் கட்டில் கேட்கும்போதெல்லாம் ஆபீஸ், அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றது. இரும்புக் காலை வயரால் கட்டி, செங்கல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். யாருக்காவது வலி வந்தால் முதலில் அந்தக் காலைத்தான் போய்ப் பார்ப்பார்.

எங்கள் எஸ்டேட் ஆசாரிக்குத் தேயிலைப் பெட்டி செய்யத் தெரியும், மண்வெட்டிக்குக் காம்பு போடத் தெரியும். கட்டிலைப் பார்த்ததும் கும்பிட்டு விலகினார்.

"எம்மா, இது துரைமார் சாமான். தப்பு கிப்பு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"தப்பு ஆனா ஒனக்கு ஊசி."

ஆசாரி வேலைக்கு ஒப்புக்கொண்டார்.

முதல் பிரச்சினை, ஈரம். வருஷக்கணக்காக லாயத்தில் ஊறிய மரம். பீர்மேட்டில் அந்த மாதத்தில் வெயில் என்பது அடிவாரத்திலிருந்து வருகிறவர்கள் சொல்லக் கேட்கிற விஷயம். எங்கள் துணிமணியே அடுப்புக்கு மேலேதான் காயும். ஸ்பிரிட்டம்மா யோசித்தார். தேயிலை ஃபாக்டரியின் மாடியில், பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்கு இரவும் பகலும் வெதுவெதுப்பான காற்று ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரி ஓய்ந்திருந்த நேரம் பார்த்துக் கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஆட்களை வைத்து மாடியில் ஒரு மூலைக்கு ஏற்றிவிட்டார். மறுநாள் ஃபாக்டரியைக் கவனிக்கும் டீமேக்கர் மாடிக்குப் போனார். கொழுந்துக்கு நடுவில் ஒரு கட்டில் வாடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவ தேயில கோழி நாத்தம் அடிச்சா நான் பொறுப்பில்ல!" என்று டிஸ்பென்சரி வாசலில் வந்து கத்தினார்.

"நல்லாக் கழுவித்தான் அனுப்பினேன். ஸ்பிரிட்டு போட்டும் தொடச்சாச்சு. ஒமக்கு நெஞ்சு படபடங்குதே, உள்ள வாரும், பாத்திருவோம்" என்றார் ஸ்பிரிட்டம்மா.

டீமேக்கர் உள்ளே வரவில்லை. கட்டில் தன்பாட்டுக்குக் காய்ந்து முடியும் வரை அந்த மூலைப் பக்கம் அவர் பார்வையைத் திருப்பவே இல்லை.

இரண்டாவது பிரச்சினை, வண்டு. இறங்கி வந்த சட்டங்களில் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள். தட்டினால் மாவு கொட்டியது. ஆசாரி உதட்டைப் பிதுக்கினார். ஸ்பிரிட்டம்மா உள்ளே போய், பழைய கண்ணாடி சிரிஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெயை இழுத்தார். ஓட்டை ஓட்டையாக ஊசியைச் செருகி ஏற்றினார். ஏற்றுவதற்கு முன் ஒவ்வோர் ஓட்டையையும் பஞ்சால் துடைத்தார், பழக்கதோஷம். பிறகு மலைத்தேன் மெழுகை உருக்கி வாயை அடைத்தார். மருந்துக்கு வந்து நின்ற கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நர்சம்மா கட்டிலுக்கு ஊசி போட்ட செய்தி தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. வேறு எஸ்டேட்டிலிருந்துகூடச் சிலர் வேலை இருப்பதுபோல வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"மரத்துக்கு மண்ணெண்ணெ ஊசி போட்டா நல்லாயிருமா நர்சம்மா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"நல்லாவும். ஒமக்கும் போடட்டா?"

கிழவர் இருமல் மருந்தைக்கூட வாங்காமல் போனார்.

மூன்றாவதுதான் பெரிய வேலை. அந்தப் பச்சைப் பெயின்ட். உடைந்த மருந்து பாட்டில் கண்ணாடியால் சுரண்டி, பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். செதுக்கல் பூவுக்குள் புகுந்த பெயின்ட் லேசில் வராது. ஆசாரி ஒருவரால் முடிகிற காரியமில்லை. ஸ்பிரிட்டம்மா டிஸ்பென்சரி வராந்தாவில் கட்டிலைப் போட்டார். ஒரு சட்டம் கொண்டுவந்தார்: வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா நிற்கக் கூடாது. வயிற்று வலியா, ஒரு துண்டு உப்புத்தாள். தலைவலியா, ஒரு துண்டு உப்புத்தாள். காயம் பட்ட கையென்றால் மற்றக் கையில். உண்மையான காய்ச்சல்காரர்களைத் தொட்டுப் பார்த்து உள்ளே அனுப்பிவிடுவார். மற்றவர்களைத் தொட்டும் பார்க்க மாட்டார்.

விளைவு ஒரு மாதத்தில் தெரிந்தது. மழைக்குப் பயந்து சிக் லீவு கேட்டு வருகிற கூட்டம் காணாமல் போயிற்று. துரை ஆபீசுக்கு வந்து, "நம்மட எஸ்டேட்டில் ஆரோக்யம் இப்போ நல்லா இருக்குது, இல்லே?" என்று சந்தோஷப்பட்டார். வெள்ளைக்காரர் போன பிறகும் மானேஜரைத் துரை என்றுதான் சொல்வது. இந்தத் துரை கோட்டயத்துப் பக்கம், இளவயது, தமிழையும் மலையாளத்தையும் ஒரே கோப்பையில் கலக்கிப் பேசுவார். ஹெட் கிளார்க் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றார்.

ஆனால் பெண்கள் வந்தார்கள். நோய் இல்லாமலும் வந்தார்கள். கட்டில் எதற்கென்று தெரிந்ததும், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சும் சிரிப்புமாகத் தேய்ப்பார்கள். செல்லக்கனி என்று ஒரு பெண், லாரி கிளீனரின் மனைவி, அப்போதுதான் கல்யாணமாகி வந்தவள், கொண்டை ஊசியை வைத்துக்கொண்டு தலைமாட்டுப் பூவின் ஒவ்வோர் இதழாகப் பெயின்ட்டை நோண்டி எடுத்தாள். ஸ்பிரிட்டம்மா அவள் பின்னால் நின்று, "ஏட்டி, அந்தா ஒரு எலைய விட்டுட்ட" என்பார். பாராட்டு என்றால் அதுதான்.

தை மாதம் வெயில் அடித்தது. மரம் பாலிஷுக்குத் தயாராக இருந்தது. அவல் போலத் தகடு தகடாக இருக்கும் அரக்கைக் குமுளி பஜாரிலிருந்து நான்தான் வாங்கி வந்தேன். அதை ஸ்பிரிட்டில் போட்டு ஊறவைத்து, துணிக்குள் பஞ்சைப் பொதிந்து நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சு. பூச்சுக்குப் பூச்சு மரம் உள்ளிருந்து கனல் தெரிகிற மாதிரி ஆகும். ஸ்பிரிட்டுக்கு அந்த அம்மாள் எங்கே போவார்? டிஸ்பென்சரியில்தான். எப்போதும் போகிற பாட்டில்களைப் போல மூன்று மடங்கு போக ஆரம்பித்தது.

ஹெட் கிளார்க் காத்திருந்த நாள் வந்தது. துரையிடம் போய்க் குரலைத் தாழ்த்தி, நர்சம்மா டிஸ்பென்சரி ஸ்பிரிட்டைக் குடிக்கிறார் என்று சொல்லிவிட்டார். அது சாதாரணக் குற்றச்சாட்டு இல்லை. உண்மை என்று ஆகிவிட்டால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான். துரை முன்னறிவிப்பில்லாமல் புறப்பட்டார். பின்னால் ஹெட் கிளார்க். அவர் பின்னால் நான்.

டிஸ்பென்சரியை நெருங்கும்போதே வாசனை ஆளைத் தூக்கியது. கதவைத் திறந்தால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பிரிட்டம்மா கட்டிலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் காலி பாட்டில்கள்.

"சிஸ்டர், ஸ்பிரிட் ரொம்ப செலவாகுதுன்னு ஒரு பராதி உண்டு" என்றார் துரை.

ஸ்பிரிட்டம்மா நிமிர்ந்தார். துரையைப் பார்க்கவில்லை, ஹெட் கிளார்க்கைப் பார்த்தார். நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"நான் குடிக்கேன்னு சொன்னீரோ? மோந்து பாரும்."

அவர் முகத்தில் 'ஹா' என்று ஊதினார். காலையில் அந்த அம்மாள் சாப்பிட்டது பழைய சோறும் சுட்ட கருவாடும். ஹெட் கிளார்க் பின்வாங்கியதில் மருந்து அலமாரி ஆடியது.

துரை சிரிக்கவில்லை. அவர் எதையும் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் தலைமாட்டில் விழுந்து, கொடியும் பூவும் ஈரமாக இருப்பதுபோல மின்னின. மெதுவாகத் தடவினார்.

"இது நம்ம லாயத்தில் கிடந்த கட்டிலா? இது பங்களாவில் கிடக்க வேண்டிய சாதனமாக்கும்" என்றார். "ஆள் விடுறேன். எடுத்துட்டு வரட்டும்."

ஸ்பிரிட்டம்மா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

"எஸ்டேட் கட்டில், எஸ்டேட் தொரை. எடுத்துக்கிடுங்க. பூச்சு காயணும். ஒரு வாரம் போவட்டும்" என்றார்.

அன்று அவர் சுவரைத் தட்டவில்லை. நானாகப் போனேன். இரும்புக் கட்டிலின் காலுக்குப் புது வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உட்டுக் குடுத்துட்டீங்களேங்க?"

"யாருலே குடுத்தா? கட்டில் காலியா இருந்தாத்தானே தூக்குவான்?"

அடுத்த வாரம் நாலு ஆட்கள் வந்தார்கள். கட்டிலில் ஒரு நிறைமாதப் பெண் படுத்திருந்தாள். "பொய் வலியா, மெய் வலியான்னு தெரியல. நாளைக்கு வாங்க" என்றார் ஸ்பிரிட்டம்மா. அடுத்த முறை வந்தார்கள். ஆசாரி படுத்திருந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அவர் எழுந்தபோது ஜீப் டிரைவர். அவர் எழுந்தபோது நான். எனக்கு ஒன்றும் இல்லை. "வாயத் தொற" என்று தெர்மாமீட்டரைச் செருகி, "எடுக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தூக்க வந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, "என்ன சார் உடம்புக்கு?" என்று கேட்டபோது, வாயில் தெர்மாமீட்டர் இருந்ததால் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லயத்துப் பெண்களுக்கு விஷயம் போய்விட்டது. தாங்கள் தேய்த்த கட்டில் பங்களாவுக்குப் போவதா? முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்கு மயக்கம் என்றால் அடுத்தவளுக்குக் கிறுகிறுப்பு. ஒருமுறை, உண்மையிலேயே நோயாளிகள்தானா என்று பார்க்க ஹெட் கிளார்க்கே வந்தார். ஸ்பிரிட்டம்மா மரியாதையாக வரவேற்று, வந்ததுதான் வந்தீர், பிரஷர் பார்த்துவிடுவோம் என்று கையில் பட்டையைச் சுற்றினார். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான். ஹெட் கிளார்க்குக்குத் தானாகவே வேர்த்துவிட்டது. அன்று தூக்க வந்த ஆட்கள் பார்த்தபோது, கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர் ஹெட் கிளார்க். பக்கத்தில் உப்பில்லாத கஞ்சி.

ஜூன் பிறந்தது. மழை இறங்கியது. துரைக்குப் பொறுமை போயிற்று. ஒரு மத்தியானம் தானே ஜீப்பில் வந்தார். ஆட்கள் பின்னால் ஓடி வந்தார்கள். குடையோடு என்னையும் கூட்டிக்கொண்டார். டிஸ்பென்சரி வராந்தாவில் காலை வைத்ததும் உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. நடிப்பில்லாத அலறல். செல்லக்கனி. அவள் புருஷன் லாரியோடு வண்டிப்பெரியாறு போயிருந்தான். பிள்ளை குறுக்கே கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் மரம் விழுந்திருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஸ்பிரிட்டம்மாவின் குரல் வந்தது.

"யாருலே அங்கன மரம் மாதிரி நிக்கது? அடுப்புல வெந்நி கெடக்கு. எடுத்துட்டு வாலே!"

துரை திரும்பிப் பார்த்தார். நான் குடையை மடக்கக்கூட மறந்து நின்றிருந்தேன். அவரே பின்கட்டுக்குப் போனார். நானும் ஓடினேன். விறகு நனைந்து புகைந்தது. தண்ணீர் ஆறிக் கிடந்தது. துரை அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழலை எடுத்து ஊத ஆரம்பித்தார். நான் குழலை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. கண்ணில் நீர் வழிய ஊதினார். தண்ணீர் கொதித்ததும் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக் கொண்டுபோய்த் திரை ஓரத்தில் வைத்தார். ஒரு கை வந்து அதை இழுத்துக்கொண்டது.

"இன்னொண்ணு போடு."

போட்டார். உள்ளே ஸ்பிரிட்டம்மா செல்லக்கனியோடு பேசிக்கொண்டே இருந்தார். திட்டவில்லை. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "என் கண்ணுல்லா, கட்டில நல்லாப் பிடிச்சுக்கோ, அது ஆடாது, ஒங்கையால தேச்சது, நல்லாப் பிடி" என்று. வெளியே தூக்க வந்த ஆட்கள் வராந்தாவில் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார்கள். மழைச் சத்தத்தில் செல்லக்கனியின் சத்தம் கேட்காமல் போகும்போதெல்லாம் நான் அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினேன். துரை குழலைக் கையில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு குழந்தை அழுதது. முதலில் பூனை மாதிரி, அப்புறம் நன்றாக.

வெகுநேரம் கழித்து ஸ்பிரிட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் கரியோடு நின்ற துரையைப் பார்த்தார்.

"தொரைங்களா? பொட்டப் பிள்ள. ரெண்டு உசிரும் சொகம்."

துரை வாசலிலிருந்தே உள்ளே பார்த்தார். செல்லக்கனி கண்ணை மூடியிருந்தாள். ஒரு கை இன்னமும் தலைமாட்டுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டிருந்தது.

"கால் ஆடுமோ அதுக்கு?" என்று கேட்டார்.

"ஆடாது தொரை."

"அப்போ அங்கேயே கிடக்கட்டே" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார். மறுநாள் பங்களாவிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்று வந்தது. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க முடியாது என்பதில் மட்டும் ஸ்பிரிட்டம்மாவுக்குக் குறை.

பிறகு ஒருநாள் கேட்டேன். "ஏனுங்க, தொரைன்னு தெரியாமத்தான் வெந்நி எடுத்தாரச் சொன்னீங்களா?"

"அம்புட்டுப் பெரிய பூட்ஸ் சத்தம் இந்த மலையில வேற யாருக்குலே இருக்கு?" என்றார்.

அந்தக் கட்டிலில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்தன. எனக்குக் கல்யாணமாகி, என் மனைவி மாசமாக இருந்தபோது, எங்கள் வழக்கப்படி கீழே தாய்வீட்டுக்கு அழைத்துப்போக மாமனார் வந்தார். ஸ்பிரிட்டம்மா அவரை உட்காரவைத்து, ஐந்து நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. மாமனார் தனியாக பஸ் ஏறினார். என் மகள் பீர்மேட்டில்தான் பிறந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் ஸ்பிரிட்டம்மா ஓய்வு பெற்றார். கட்டிலை எடுத்துப் போகச் சொல்லித் துரையே சொன்னார். "எனக்கெதுக்கு? நான் பெத்துக்கிடவா போறேன்?" என்று சொல்லிவிட்டார். ஒரு தகரப்பெட்டி, ஒரு பை. இரண்டையும் தூக்கிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கி, பஸ் நிறுத்தம் வரை நான் போனேன். கும்பலாக வந்து நின்ற பெண்களை, "வேலைக்குப் போவாம இங்க என்னட்டி கூத்து?" என்று விரட்டினார். ஈரமாக இருந்த பஸ் சீட்டுக்காகக் கண்டக்டரை ஒரு பிடி பிடித்தார். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏலே, குட்டிக்கு நெஞ்சுச்சளி இருக்கு, தைலம் தேய்க்க மறந்துராத!" என்று கத்தினார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, கொடயக் கையில வெச்சுட்டே இப்பிடி சொட்டச் சொட்ட நனஞ்சுட்டு வந்திருக்கறீங்க?"

மழை பெய்ததைக் கவனிக்கவில்லை என்றேன். பீர்மேட்டில் அப்படி ஒரு பொய்யை அதற்கு முன்னால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.